அடிமரத்தில் ஒரு முத்திரை

காட்டைக் காப்பதற்கு என்று அரசாங்கம் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது ஒரு காக்கிச் சட்டையும் மரத்தில் முத்திரை அடிக்கிற ஒரு சுத்தியலும்தான். சட்டை முதல் மழைக்கே தோளில் நைந்துவிட்டது. சுத்தியல் மட்டும் புதுசு குலையாமல் இருந்தது. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டு வைப்பார். கடுகு எடுக்கும்போதெல்லாம் சாவி விரலில் தட்டுப்படும். பெண்டாட்டியைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கவில்லையே மனுஷன் என்று கேலி பண்ணுவேன். சிரிப்பார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உலை கொதித்துச் சோறு குழைந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வடக்கு அந்தமானில் கல்போங் ஆற்றின் கரையில், வனக் காவலர் குடிசையில் இருந்தோம். அந்த ஆறு ஒரு பர்லாங்கு தூரம் நேராக ஓடி நான் பார்த்ததில்லை. மலையிலிருந்து இறங்கும்போதே வளைந்து வளைந்துதான் வரும். இரண்டு கரையிலும் ரிசர்வ் காடு. உள்ளே ஒரு குச்சியை முறித்தாலும் குற்றம். வளைவுகளில் ஒன்றில் மட்டும் காட்டை அழித்து, குடியேற வந்த பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்திருந்தார்கள். மூன்று பக்கமும் அவர்களைச் சுற்றி ஆறு. நாலாவது பக்கம் வரிசையாக ரிசர்வ் கல். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் அவர்கள் நிலம், அந்தப் பக்கம் காடு.

பதினோரு குடும்பம் வங்காளிகள். பன்னிரண்டாவது என் அக்கா குடும்பம்.

நாங்கள் இருவரும் போர்ட் பிளேரில் ஜங்லிகாட்டில் வளர்ந்தவர்கள். அப்பா ரோடு போடும் வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அக்காவைக் கட்டியவர் பர்மாவிலிருந்து உடுத்திய துணியோடு திரும்பி வந்த தமிழர். அவருக்கு அந்த வளைவில் நிலம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து என்னைக் கட்டியவருக்கு நேர் எதிர்க்கரைக்கு மாற்றல் கிடைத்தது. ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்ட மாதிரி என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். நடுவில் ஓடுகிற ஆற்றை அவள் பார்க்கவில்லை.

மழை இல்லாத நாலைந்து மாதம் மூங்கில் பாலம் கட்டி நடந்து போவோம். மழை பிடித்ததும் முதல் வெள்ளத்தில் பாலம் போய்விடும். அதற்குப் பிறகு டிசம்பர் வரைக்கும், தண்ணீர் கொஞ்சம் வடிந்த நாளில் மூங்கில் தெப்பம் போட்டு யாராவது வருவார்கள். வெள்ளம் நிற்கும் நாட்களில் அதுவும் கிடையாது. அந்தக் கரையில் எது நடந்தாலும் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித்தான் இந்தக் கரைக்குச் சொல்லவேண்டும். ஒரு தட்டு என்றால் சும்மா, ‘ஆள் இருக்கிறீர்களா’ என்று கேட்பது. மூன்று தட்டு என்றால் ஆபத்து. ஜீப் வருகிற பாதை எங்கள் கரையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் கரைக்கு வந்தாக வேண்டும்.

முதல் வருஷ மழையில் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. என்னை ‘சின்னம்மா’ என்று சொல்ல வராமல் ‘தின்னம்மா’ என்பாள். மூன்று தட்டு கேட்டு நாங்கள் ஓடினோம். ஆறு கரையைத் தொட்டு ஓடியது. வேரோடு மரங்கள் மிதந்து வந்தன. என் வீட்டுக்காரர் தெப்பத்தோடு இறங்கினார். ஒரு மரம் அடித்துத் தெப்பம் பிரிந்து போய், முந்நூறு அடி கீழே மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். மறுபடியும் இறங்கப் போனவரை நான்தான் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அந்தக் கரையில் அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள். மூன்றாம் நாள் தோளில் பிள்ளை இல்லை. அக்கா மட்டும் அதே இடத்தில் நின்றாள். ஆறாம் நாள் தண்ணீர் வடிந்து நாங்கள் போனபோது குழிமேட்டில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அக்கா அழவில்லை. “ஒரு படகு இருந்திருந்தா போதும்டி” என்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் பேசியது அநேகமாக அந்த ஒரு வாக்கியம்தான். சமைக்கும்போது சொல்வாள், களை பிடுங்கும்போது சொல்வாள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் எரிச்சலில் நான், “போதும் விடுக்கா” என்று கத்திவிட்டேன். என் வாய் அப்படி. நினைக்கும் முன்னால் வந்துவிடும்.

மழை விட்டு மூங்கில் பாலம் கட்டியதும் அக்காவே நடந்து வந்து என்னிடம் சொன்னாள், மறுபடியும் உண்டாகியிருப்பதாக. ஆடி மாதம் கணக்கு. ஆடி என்றால் நடு மழைக்காலம். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

“அங்கயே இருக்க வேணாம். வைகாசியிலயே எங்க வீட்டுக்கு வந்துருக்கா.”

“நாத்து யாரு நடுவா? அவரு ஒத்தை ஆளு. நட்டு முடிக்கலைன்னா நெலத்தை எடுத்துக்குவாங்கன்னு பயப்படுறாரு.”

அத்தான் வேறொன்று யோசித்து வைத்திருந்தார். படகு கேட்டு மனு கொடுத்து, வரும் வரும் என்ற பதிலைக் கேட்டு அலுத்துப் போனவர், தானே ஒன்று செய்வதென்று முடிவு கட்டிவிட்டார். மரத்தைக் குடைந்து செய்யும் டுங்கி. அவருக்குக் கொடுத்த நிலத்தில் அந்தப் பருமனுக்கு மரம் கிடையாது. ரிசர்வ் கல்லைத் தாண்டி நாற்பது அடி உள்ளே, பர்மாக்காரர்கள் தித்போக் என்று சொல்கிற மரம் ஒன்று இருந்தது. லேசான மரம், குடைய வாகானது. அதை வெட்டிவிட்டார்.

மாயாபந்தர் பக்கத்திலிருந்து ஒரு கரேன் கிழவரைக் கூட்டி வந்தார். கரேன்களும் பர்மாவிலிருந்து வந்தவர்கள்தானே. இரண்டு பேரும் பர்மியப் பாஷையில் பேசிக்கொண்டு, பன்னிரண்டு நாள் வாய்ச்சியால் செதுக்கி, உள்ளே தீ மூட்டி விரித்து, அதைப் படகாக்கினார்கள். ஒரு மத்தியானம் அந்தக் கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தான் சிரித்ததைப் பிள்ளை போனதற்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

வெட்டின மரத்தை என் வீட்டுக்காரர் பார்க்காமல் இருப்பாரா? அவர் வேலையே அதுதான். ஒரு சாயங்காலம் வந்து, கால் கழுவி, சாப்பிட்டு, கை துடைக்கும்போது சொன்னார்.

“அத்தான் ரிசர்வுல மரம் வெட்டியிருக்காரு.”

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“பார்த்துக்கலாம்.”

அவ்வளவுதான். நான் விடவில்லை. மேலே ஒரு வளைவில் யாரோ காட்டில் கை வைத்ததற்கு நிலத்தையே திருப்பி வாங்கிக்கொண்டார்களாம் என்று ஜீப் டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கேஸ் எழுதப் போகிறீரா, அக்காவை நடுத்தெருவில் நிறுத்தப் போகிறீரா, பெண்டாட்டி கூடப்பிறந்தவளைவிட மரம் பெருசா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் பாயை விரித்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்லைக் கட்டி மாரடித்த மாதிரி இருந்தது எனக்கு.

சித்திரையில் அவர் மேலே யானை முகாமுக்கு நாலு நாள் வேலையாகப் போனார். இரண்டாம் நாள் ஜீப் டிரைவர் வந்து, நாளைக்கு ரேஞ்சர் சாப் அடிமரம் பார்க்க வருகிறார் என்றான். அடிமரம் பார்ப்பது என்றால், காட்டில் வெட்டுப்பட்டிருக்கும் ஒவ்வொரு மரத்தின் அடிக்கட்டையிலும் கார்டு என்கிற வனக் காவலரின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது. முத்திரை இருந்தால் சர்க்கார் வெட்டிய மரம். இல்லையென்றால் திருட்டு.

எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்தேன். சுத்தியலை முந்தானையில் முடிந்துகொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

முத்திரை அடிப்பதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் குடிசைக்குக் கீழேதான் யானைகள் கட்டைகளை உருட்டிக் கொண்டுவந்து போடும் துறை. ஒவ்வொரு கட்டையின் வெட்டு முகத்திலும் அவர் சுத்தியலை ஓங்கி ஒரு அடி அடிப்பார். எழுத்து அப்படியே பதியும். இது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன்.

அக்காவைத்தான் மரம் காட்டக் கூட்டிப்போனேன். ஏழாம் மாதம், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“வேணாம்டி. உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“தெரிஞ்சா என்ன, கடிச்சா திங்கப் போறாரு? பேசாம நில்லு.”

அடிக்கட்டையின் மேல்முகத்தை முந்தானையால் துடைத்தேன். நடு மத்தியில், நல்ல வசமாக, ஒரு அடி. பதிந்ததில் எனக்குத் திருப்தி இல்லை. பக்கத்தில் இன்னொன்று. எழுத்து அழகாக விழுந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். திரும்பி வரும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆம்பளையால் முடியாததைச் செய்துவிட்டேனாம்.

மறுநாள் ரேஞ்சர் வந்தார். கொல்லத்துக்காரர், நல்ல தமிழ் பேசுவார். என் வீட்டுக்காரரும் தகவல் தெரிந்து முகாமிலிருந்து ஓடி வந்து சேர்ந்திருந்தார். நான் அக்கா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசர்வ் கல் அங்கிருந்து கூப்பிடு தூரம். ரேஞ்சர் அடிக்கட்டைக்கு முன்னால் போய் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“கார்டு, இது யார் அடிச்சது?”

என் வீட்டுக்காரர் அடிக்கட்டையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். “நான்தான் சார்” என்றார்.

“நீயா? பதினோரு வருஷ சர்வீஸ் உனக்கு. வெட்டப்போற மரத்துக்கு எங்க முத்திரை போடணும்னு தெரியாதா? நிக்கிற மரத்துல, வேர்கிட்ட, பட்டையைச் செதுக்கிட்டுப் போடணும். வெட்டின பிறகு மேல்முகத்துல போடுறதுக்கு இது என்ன துறையில கிடக்கிற டிப்போ கட்டையா?”

காட்டுக்குள் மரத்துக்கு முத்திரை போடுவதை எந்தப் பெண்பிள்ளை பார்த்தாள்? துறையில் கட்டைக்குப் போடுவதைப் பார்த்து அடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ரேஞ்சர் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. கோபத்தைவிட வருத்தம்தான் அவர் குரலில் அதிகம். “குடியேறின ஆள், வீட்டு உபயோகத்துக்கு ஒரு மரம், முந்தின வருஷம் படகு இல்லாம குழந்தை செத்திருக்குன்னு நீயே எழுதி அனுப்பினே. என் மேஜையில இருக்கு. சின்ன அபராதம் போட்டு, ரசீது குடுத்து, படகை அவனுக்கே விட்டுரலாம்னுதான் நான் வந்தேன். இப்ப இது பொய் முத்திரை கேஸ். என் கையில இல்ல.”

என் வீட்டுக்காரர் சொன்ன ‘பார்த்துக்கலாம்’ அதுதான். எழுதி அனுப்பிவிட்டுத்தான் பாயை விரித்துப் படுத்திருக்கிறார். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? இத்தனை வருஷம் கழித்தும் அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அடுத்த நிமிஷம், சாவியை எடுத்த கை யாருடையது என்று ஞாபகம் வரும்.

சுத்தியலை வாங்கிக்கொண்டார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டுங்கி சாட்சிப் பொருள் ஆனது. எங்கள் கரைக்கு இழுத்து வந்து, குடிசைக்குக் கீழே ஒரு பெரிய மரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். கேஸ் முடியும் வரை தண்ணீரில் இறக்கக் கூடாது. வேறு கார்டு வரும்வரை குடிசையில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். சங்கிலியை வாரம் ஒரு தடவை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. நான் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் போய் ரேஞ்சரிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று அழுதபோது, “ரெண்டு பேரும் உள்ள போகணுமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மழை அந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. அக்காவைக் கூட்டி வரலாம் என்று நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பாலம் போய்விட்டது. நடவு முடியட்டும், தண்ணீர் வடிந்ததும் தெப்பத்தில் வருகிறேன் என்று அந்தக் கரையிலிருந்து கையைக் காட்டினாள். தண்ணீர் வடியவே இல்லை.

ஆடி பிறந்து, விசாரணைக்கு வரச்சொல்லி மாயாபந்தரிலிருந்து அவருக்கு ஆள் வந்தது. கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. ஒரு தடவை தொட்டது போதும்.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைச் சுடச்சுடச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

அவர் போன மறுநாள் காலை, பானையில் அரிசி போடும் நேரம், டின் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நின்றது. மறுபடியும் மூன்று தட்டு. ஆற்று இரைச்சலையும் மழையையும் தாண்டிச் சுத்தமாகக் கேட்டது.

இறங்கி ஓடினேன். டுங்கி கட்டியிருந்த மரத்தடிக்குப் போய் நின்றேன். எதிர்க்கரை வெட்டவெளி, அங்கே நடப்பது தெரியும். என் பக்கம் அடர்ந்த மரம், மழை இருட்டு. அங்கிருந்து பார்த்தால் நான் நிற்பது தெரியாது. அத்தான் டின்னைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கட்டில், மேலே வாழையிலையும் தார்ப்பாயும். கட்டிலில் அக்கா. பிரசவம் பார்க்கிற வங்காளி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து எங்கள் குடிசைப் பக்கம் பார்த்தாள். ஆறு அப்போது கரைக்கு ஒரு முழம் கீழேதான் இருந்தது. மரங்கள் மிதந்து வரவில்லை. தைரியமான ஆள் ஒருவர் டுங்கியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

பூட்டைப் பார்த்தேன். அரக்கைப் பார்த்தேன். கோடாலி குடிசை வாசலில்தான் சாத்தியிருந்தது.

அதை எடுக்கவில்லை.

அரக்கை உடைத்தால் அவரை நேரே ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எதையும் தொடாதே என்ற குரல் காதிலேயே இருந்தது. தொட்டு ஒரு குடி கெட்டது, மறுபடியும் தொட்டு இன்னொரு குடியைக் கெடுக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கிலி பார்க்க ஆள் வருகிற நாள் அது. இதோ வந்துவிடுவான், அவனிடம் கேட்டுத் திறந்துகொள்ளலாம் என்று பாதையைப் பார்த்தேன். வலி இப்போதுதான் எடுத்திருக்கும், நேரம் இருக்கிறது என்றும் நினைத்தேன். ரிசர்வ் கல்லைத் தாண்டுவதற்கு முன்னால் யோசிக்காத புத்தி, அன்றைக்குப் பார்த்து யோசி யோசி என்று யோசித்தது. அடுப்பில் சோறு தீய்கிற வாடை வந்தது. போய் இறக்கிவிட்டு மறுபடி வந்து அதே இடத்தில் நின்றேன். அந்தக் கரையில் டின் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு கொடுத்து ‘கேட்கிறது’ என்று சொல்வதற்கு எங்களிடமும் ஒரு டின் இருந்தது. அதைக்கூட நான் தட்டவில்லை. தட்டினால், கேட்டும் சும்மா நிற்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

எத்தனை நேரம் என்று என்னிடம் கடிகாரம் இல்லை. ஆறு கரைக்கு வந்துவிட்டது. மரங்கள் மிதக்கத் தொடங்கின.

உச்சி வேளைக்குச் சங்கிலி பார்க்கிற ஆள் வரவில்லை. உப்புக்கும் அரிசிக்குமாக யானை முகாமிலிருந்து ஒரு ராஞ்சிக்காரப் பாகன் வந்தான். வந்தவன் காதில் டின் விழுந்தது. “கப் ஸே, தீதி?” என்றான். எப்போதிலிருந்து என்று கேட்கிறான்.

“அபீ,” என்றேன். இப்போதுதான்.

அவன் சங்கிலியைப் பார்த்தான், டுங்கியைப் பார்த்தான். “தாலா தோட் தோ, தீதி. ஜான் கா மாம்லா ஹை,” என்றான். பூட்டை உடை, உயிர் போகிற விஷயம் என்று. சொல்லிவிட்டு என் பதிலுக்கு அவன் நிற்கவில்லை. கோடாலியை எடுத்துத் திருப்பிப் பிடித்து இரண்டு போடு போட்டான். பூட்டு மண்ணில் விழுந்தது.

டுங்கியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. பச்சை மரத்தில் செய்ததைத் தண்ணீர் காட்டாமல் சித்திரை வெயிலில் போட்டிருந்ததில், அடியில் ஒரு கை நீளத்துக்கு வெடித்திருந்தது. என் சேலையைக் கிழித்து, குர்ஜன் மரத்து எண்ணெயில் தோய்த்து, அவன் கத்தி முனையால் வெடிப்பில் திணித்துத் திணித்து அடைத்தான். ஒரு மணி நேர வேலை. வெடிப்பு இருந்ததே, காலையில் உடைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று பிற்பாடு எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம் காலையில் என்னிடம் இருந்தது. அதைப்போல நாலு மடங்கு இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது.

நாங்கள் அடைத்துக்கொண்டிருக்கும்போதே டின் நின்றுவிட்டது.

பாகன் கழி போட, நான் குடத்தால் தண்ணீரை இறைக்க, எப்படித்தான் கடந்தோமோ, வெகுதூரம் கீழே போய் ஒதுங்கி, கரையோடு ஓடினோம். அத்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். வங்காளி அம்மா அக்காவின் கண்ணை மூடி, தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை வெளியே வரவே இல்லை. அக்கா உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

“காலையிலேருந்து தட்டுறேன் புள்ள,” என்றார் அத்தான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சும்மா சொன்னார். “உன் வீட்டைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தா. தங்கச்சிக்குக் கேட்டிருக்கும், வந்துருவான்னா.”

மகளுக்குப் பக்கத்திலேயே அக்காவையும் அடக்கம் செய்தார்கள்.

நாலு நாள் கழித்து ரேஞ்சரே வந்தார். நான் கதவோரம் நின்றேன், இப்போது விலங்கு போடுவார்கள் என்று. உடைந்த பூட்டைப் புரட்டிப் பார்த்தார். “வெள்ளத்துல அரக்கு போச்சுன்னு எழுதிக்கிறேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “உயிர் போற நேரத்துல சீலாவது ஒண்ணாவது. கேட்ட உடனே உடைச்சிருக்கணும்மா” என்றார். டுங்கி அந்தக் கரையிலேயே இருக்கட்டும், ஆளுக்கு உதவும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்காகவா நான் காலை முழுக்க ஒரு அரக்குத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்?

மாயாபந்தரிலிருந்து அவர் வந்து சேர்ந்தார். விஷயம் வழியிலேயே தெரிந்திருந்தது. ஈரத்துணியோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

“காலையிலேருந்து தட்டினதா அத்தான் சொல்றாரு.”

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

“உனக்குக் கேட்டுச்சா?” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் சொன்னதுனாலயா?” என்றார்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். எனக்காகப் பழியை ஏற்று, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, இப்போது இதையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்த முகம்.

“இல்ல. எனக்குக் கேக்கவே இல்ல. மழை. உச்சிக்குத்தான் கேட்டுச்சு,” என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, கூட்டிப்போக வந்த டுங்கியில் அவர் அக்கரை போனார். நான் போகவில்லை. அத்தான் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பு இல்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கும் அதே மாதிரி மழை. ஆறு அதே மாதிரி கரைக்கு ஒரு முழம் கீழே.

மத்தியானத்துக்கு முன்னால் டின் சத்தம் கேட்டது. மூன்று தட்டு.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் மூன்று தட்டு. அத்தான் தட்டுகிற மாதிரி அவசரமாக இல்லை. நிதானமாக, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. அவர் கை அது. என் புருஷனின் கை எனக்குத் தெரியாதா? கட்டைக்கு முத்திரை அடிக்கிற அதே கை.

கரைக்கு ஓடினால், அவருக்குத் தெரிந்துவிடும், எனக்குக் கேட்கிறது என்று. அன்றைக்கும் கேட்டது என்று. ஆனால் நிஜமாகவே ஏதாவது ஆபத்தாக இருந்தால்? டுங்கி பிளந்திருந்தால்? அவர் தண்ணீரில் இருந்தால்? வாசற்படிவரை போனேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவையும் டின் ஒலித்தது. நான் திரும்பி வந்து பாயில் படுத்து, சேலையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தார். கால் கழுவினார். சோறு போட்டேன், சாப்பிட்டார். “காய்ச்சல் எப்படி இருக்கு?” என்றார். “தேவலை” என்றேன். அதற்குப் பிறகு வேலை போய், ஜங்லிகாட்டுக்கே திரும்பி வந்து, ஒரு மரக்கடையில் அவர் கட்டை எடுத்துப் போட, முப்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். டின்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது. இரண்டு நாளும் நன்றாகக் கேட்டது.